மாரிச்செல்வியின் வளையல்

காலை பதினொன்று பத்துக்கு, கடையில் அல்வா கிண்டிக்கொண்டிருந்த செந்தூர்பாண்டியின் ஃபோனுக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை நோயால் ஆறு வருடமாகக் காணாமல் போயிருந்த விந்தணுக்கள், புது ஊசிக்குப் பிறகு திரும்பியிருந்தன. இனி குழந்தைக்குத் தடையில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூன்று தடவை படித்தான். வாழ்நாளில் முதல் முறையாக அவன் அல்வா அடிப்பிடித்தது.

அவனுக்குச் சர்க்கரை ஏறினாலும் நெஞ்சு படபடத்தாலும், அவன் கையில் ஒட்டியிருந்த சென்சார் சேதி அனுப்ப, வீட்டில் மனைவி மாரிச்செல்வியின் ஸ்மார்ட் வளையல் அலறும். உடனே அவள் ஃபோனில் கூப்பிட்டாள்.

"பதம் பாக்கேன்னு அல்வாவ வாயில போட்டாச்சாக்கும்?"

"இல்லட்டி, சத்தியமா. வளையலப் பாரு."

அவள் பார்த்தாள்.

"சர்க்கரை ஏறலதான். பின்ன எதுக்கு உங்க நெஞ்சு இந்தக் குதி குதிக்கு?"