மஞ்சள் முக்கோணம்

கணினித் திரையில் மறுபடியும் அந்த மஞ்சள் முக்கோணம் வந்து நின்றது.

'பிள்ளை பிறந்தபோது தாயின் வயது 12. தேதி தவறாக இருக்கலாம். சரிபார்க்கவும்.'

வெர்னீஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் திறந்து வைத்திருந்த நகலை மூன்றாவது முறையாகப் படித்தாள். அடிமைகள் வேலைசெய்த பருத்திப் பண்ணையின் பிறப்புப் புத்தகம். எஜமானின் கையெழுத்து சீராக, அழகாக இருந்தது.

1841 அக்டோபர், ஹேகருக்குப் பெண், சேனி.

1854 ஏப்ரல், சேனிக்கு ஆண், கேட்டோ.

அடுத்த வரியில், அதே மையில், ஒரு குதிரைக்குட்டியின் பிறப்பு.

தேதியில் தவறு எதுவும் இல்லை.

வரும் சனிக்கிழமை குடும்பம் கூடுகிறது. தேவாலயத்து மைதானத்தில் நூற்றிருபது பேர், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் வம்ச வரைபடம் தொங்கும். குழந்தைகள் விரலால் தடவித் தங்கள் பெயரைத் தேடுவார்கள். இத்தனை வருடங்களாக அதன் உச்சியில் கேட்டோதான் இருந்தான். அவனுக்கு மேலே வெறும் தாள். அடிமைகளாக இருந்தவரைக்கும் கணக்கெடுக்க வந்தவர்கள் அவர்களைப் பெயரில்லாமல்தான் எண்ணிக்கொண்டு போனார்கள்.

பதினோரு வருடம் தேடி, இந்த வசந்தத்தில்தான் அவளுக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது. கேட்டோவின் தாயும் அவளுடைய தாயும் முதல்முறையாகத் தாளில் ஏறப்போகிறார்கள்.

மேசைமேல் இருந்த போனிலிருந்து லாமாரின் குரல் வந்தது. தம்பி. சார்லட் நகரத்தில் இருக்கிறான். டி-ஷர்ட்டும் வரைபடத்தின் அச்சும் அவன் பொறுப்பு.

“அக்கா, அந்த முக்கோணம் இங்க என் திரையிலயும் தெரியுது. ஒரு நாலு வருஷம் ஏத்திப் போட்டு அனுப்பிவிடேன். சேனிப் பாட்டி என்ன, வந்து பொறந்தநாள் கேக்கா வெட்டப்போறா?”

“புத்தகத்துல இருக்கறதத்தான் போடுவேன்.”

“போட்டு? எல்லாரும் பொரிச்ச மீனக் கையில வச்சுக்கிட்டு நின்னு அதப் படிக்கணுமா? என் பொண்ணுக்கு வர்ற மாசம் பன்னண்டு முடியுது. வெரல் விட்டு எண்ணிப் பாத்துடுவா அவ. அப்புறம், அப்பா பேரு போடுற கட்டம் ஏன் காலியா இருக்குன்னு கேப்பா. நீ பதில் சொல்லுவியா?”

வெர்னீஸ் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அதில் யார் பெயர் வரவேண்டும் என்று புத்தகம் சொல்லவில்லை. எழுதியவனுக்குத் தெரிந்திருக்கும்.

லாமாரின் குரல் இறங்கியது. “சின்னப் புள்ள, அக்கா. பாவம். படிக்கிறவங்க அவளப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

“அவளப் பத்தி ஏன்டா நெனைக்கணும்?”

குரல் இவ்வளவு உயரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

“சரி தாயே, என்னைய ஏன் அடிக்கிற? மாத்து, மாத்தாமப் போ. மதியத்துக்குள்ள வரலைன்னா அச்சுக்காரன் என்னைய உரிச்சுத் தொங்கவிட்டுடுவான்.” போனை வைத்துவிட்டான்.

அவள் 1841 என்பதை அழித்துவிட்டு 1837 என்று அடித்தாள்.

முக்கோணம் உடனே மறைந்தது. திரை சுத்தமாகிவிட்டது. பதினாறு வயதில் பிள்ளை பெற்ற ஒரு பெண் அங்கே இருந்தாள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அப்படி ஒரு பெண் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

மறுபடி 1841 என்று போட்டாள். முக்கோணம் திரும்பி வந்தது. அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: 'திருத்து', 'புறக்கணி'.

புறக்கணி என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு வழி இல்லாததால் அதையே அழுத்தினாள். ஹேகருக்குக் கீழே, கேட்டோவுக்கு மேலே, சேனி தன் பன்னிரண்டு வயதோடு தாளில் நின்றாள்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்க, தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்கி வந்தாள். கடைசியிலிருந்து மூன்றாவது வரிசையில் அம்மா, டோரதியா. அம்மாவிடமிருந்து இரண்டு கோடுகள். வெர்னீஸ், 1967. லாமார், 1980.

இரண்டாவது கோட்டின் மேல் அவள் கை நின்றது.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், எட்டு வருடங்களுக்கு முன்னால், இந்தக் கோட்டை அவள் அழித்திருக்கிறாள். அழித்துவிட்டு, தன் பெயரிலிருந்து லாமாரின் பெயருக்கு ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

மஞ்சள் முக்கோணத்தை அன்றுதான் முதலில் பார்த்தது. 'பிள்ளை பிறந்தபோது தாயின் வயது 13.'

லாமார் பிறந்த அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சவன்னாவில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். நெஞ்சுச்சளி என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்தபோது அம்மாவின் மடியில் தம்பி இருந்தான்.

கோட்டை இழுத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எல்லாவற்றையும் பழையபடியே மாற்றிவிட்டாள்.

மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. அனுப்பினாள்.

லாமாரிடமிருந்து உடனே செய்தி வந்தது. 'வந்துருச்சு அக்கா. மாத்தலையா நீ! சரி, இருக்கட்டும். அம்மா இருந்திருந்தா பெருமைப்பட்டிருப்பாங்க.'

திரையில் அந்தக் கோடு அப்படியே இருந்தது. தாய், டோரதியா. பிள்ளை பிறந்தபோது வயது 43.

அதில் கணினிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.