சத்தமில்லாத ஸ்பேனர்

"பாருங்க, சத்தமே கேக்காது!"

ஸ்பேனர் கம்பெனியில் டிசைனராக இருக்கும் மனைவி, வீட்டுக்குள் நுழைந்ததுமே புது ராட்செட் ஸ்பேனரைக் கணவனிடம் நீட்டினாள். "லீவரை இப்படித் தட்டினா முடுக்கலாம், அப்படித் தட்டினா கழட்டலாம். எந்தப் பக்கம் சுத்தினாலும் கிர்ர்னு கத்தாது."

அவன் அதை வாங்கவே இல்லை. "பழசு எங்க?"

"காதைத் துளைக்குதுன்னு ஒரு வருஷமா என் உயிரை வாங்கினதே நீங்கதானே?"

"அப்புறம் திட்டு. இப்ப எடு."

முணுமுணுத்துக்கொண்டே டூல் பாக்ஸைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். அவன் நேராக உள்ளறைக்குப் போனான். மகள் கதவுக்கு முதுகைக் காட்டிப் பொம்மை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஸ்பேனரைச் சுழற்றினான். கிர்ர்ர்ர்!

மகள் திரும்பிப் பார்த்தாள்.

போன வாரம்தான் அவளுக்குக் காது கேட்கும் கருவி பொருத்தியிருந்தார்கள். மணி, தட்டு, கைதட்டல், எதற்குமே இதுவரை திரும்பியதில்லை.

"காலையில நீ இதை வெச்சு நாற்காலி போல்ட்டை முடுக்கினப்பவே இவ திரும்பின மாதிரி இருந்துச்சு. பிரமையோன்னு நினைச்சேன்" என்றான்.

பின்னாலேயே வந்திருந்த மனைவி புது ஸ்பேனரைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பழையதைப் பிடுங்கினாள். மகள் மறுபடி பொம்மையில் மூழ்கும்வரை காத்திருந்து, லீவரைத் திருப்பி, மறுபக்கம் சுழற்றினாள்.

மகள் திரும்பினாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.