இஞ்சின் இல்லாத டிராக்டர்

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷத்துப் பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கி வந்தார். கொட்டகையில் அதைச் செங்கல் மேல் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். இஞ்சினைப் பிரித்துச் சமையலறை மேசைக்குக் கொண்டு வந்தார். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதமாகப் படி இறங்காத மனைவி, உட்கார்ந்தபடியே அதன் பாகங்களைத் துடைத்துக் கொடுத்தாள்.

வண்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டரில் 611 என்று இருந்தது. புதன்கிழமை காலை அது 613 ஆகியிருந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே அவர் வீட்டின் பின்பக்கம் போனார். இடுப்பளவு களை மண்டிக் கிடந்த இடம் முழுக்க உழுது போட்டிருந்தது. மண்ணில் சக்கரத் தடம் ஈரமாக இருந்தது.

மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"நீங்களா உழுதீங்க?"

"இஞ்சின் உன் முன்னாடிதானே இருக்கு."

"அதானே, வரி இவ்வளவு நேரா இருக்கும்போதே நீங்க இல்லைன்னு நினைச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்" என்றார்.

"உழுத மண்ணை யாராவது சும்மா போடுவாங்களா?"

அவள் மேசையைப் பிடித்து எழுந்தாள். அவர் நீட்டிய கையை விலக்கிவிட்டு, மூன்று படியையும் ஒவ்வொன்றாக இறங்கினாள். அன்று சாயங்காலத்துக்குள் இருவரும் மூன்று வரிசை தக்காளி விதைத்தார்கள். முட்டி வலித்தது, அதைச் சொல்லிக்கொண்டே விதைத்தாள்.

எட்டாம் நாள் முளை விட்டது. அவர் வரிசைகளை எண்ணினார். நான்கு இருந்தன. மறுபடியும் எண்ணினார்.

"அதுக்கும் சேர்த்தே தண்ணி ஊத்துங்க" என்றாள் அவள்.