கடை வாசலில் ஒரு டெமோ

என் மாமனார் ஹமீது சுல்தான் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார். மதியம் மதுரைக்குப் போகும் பார்சல் வண்டியில் அந்த டிஜே பெட்டியைத் திருப்பி அனுப்புவதென்று முடிவாகிவிட்டது.

லேப்டாப்பில் செருகிப் பாட்டை மாற்றி மாற்றிக் கலக்குகிற பெட்டி. ஃபேனும் மிக்ஸியும் விற்கிற கடையில், அவர் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் நான் வாங்கி வைத்தது. தங்கச்சிமடத்தில் ஒருத்தனும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது திரும்பிப் போனால் மனுஷன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பெண் வந்தாள். தோளில் லேப்டாப், கையில் ஒரு கனத்த பை, கழுத்தில் ஹெட்போன். வியர்த்துக் கொட்டியது.

"அண்ணே, டிஜே கன்ட்ரோலர் இருக்கா?"

மாமனாரின் வாயில் டேப் அப்படியே நின்றது.

இருக்காவா! "உட்காரும்மா" என்று ஃபேனை அவள் பக்கம் திருப்பினேன். பெயர் ஜெர்லின் என்றாள், ஊர் பாம்பன். கனத்த பையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

முதலில் சின்னதைக் காட்டினேன். மலிவானதைக் காட்டி ஆளை உட்காரவைத்துவிட்டு அப்புறம் பெரியதை இறக்குவது என் வழக்கம்.

"இதுல சவுண்டு கார்டு இல்லயேண்ணே. ஒரு பாட்டு வெளிய ஓடும்போது அடுத்த பாட்ட நான் காதுல கேக்கணும். லேப்டாப்புல சவுண்டு வெளிய வர்றதுக்கு ஒரே ஒரு ஓட்டதான் இருக்கு."

சவுண்டு கார்டு தனியாக வைத்திருந்தேன். அதையும் எடுத்துப் போட்டேன். ஒன்றுக்கு இரண்டு பெட்டியையும் அதன் வயர்களையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பெரியதில் சவுண்டு கார்டு உள்ளேயே இருக்கிறது! மாமனார் மடியிலிருந்த அட்டைப்பெட்டியை அப்படியே உருவினேன்.

மற்றவர்கள் என்றால் மினுக்குகிற லைட்டைப் பார்ப்பார்கள். இவள் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்களை மட்டும் நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

"உப்புக் காத்துக்குத் தாங்குமாண்ணே?"

"கடலுக்குள்ள போட்டாலும் பாடும்" என்றேன். வாய் இல்லாவிட்டால் வியாபாரம் ஏது?

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். சின்ன ஸ்பீக்கர் போதாது, பெரியதுதான் வேண்டும் என்றாள். உள்ளே எக்கோ அடிக்கிறது, ரோட்டைப் பார்த்து வையுங்கள் என்றாள். நியாயம்தானே? நானே தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குள் அவளுக்கு ஒரு போன் வந்தது. "வாங்க வாங்க, நான் இங்கனதான் இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். வீட்டு ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆரம்பித்தாள்.

யம்மாடி! ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஏறியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

சர்ச்சிலிருந்து ஒரு கல்யாண ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. பாட்டும் இல்லாமல் மேளமும் இல்லாமல் ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்து வந்தவர்கள், என் கடை வாசலில் நின்று குதிக்க ஆரம்பித்தார்கள். கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் ஆடினார். காருக்குள் வெள்ளை கவுனில் மணப்பெண் கைதட்டினாள். பின்னால் மாட்டிக்கொண்ட ராமேஸ்வரம் பஸ் டிரைவர்கூட ஹாரனைத் தாளத்துக்கு அடித்தார்.

எல்லாம் கடை ராசி! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"கூட்டத்தப் பாத்தீங்களா மாமா?"

"கூட்டம் ஆடுது மாப்ளே. வாங்குதா?"

கூட்டம் கிடக்கட்டும், இந்தப் பெண் வாங்கினால் போதும் எனக்கு. அவள் ஓட்டினாள், ஓட்டினாள், ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஊர்வலம் ஆடிக் களைத்து நகர ஆரம்பித்ததும் ஹெட்போனைக் கழற்றி வயரைச் சுருட்டினாள்.

"நல்லாத்தாண்ணே இருக்கு. வீட்டுல கேட்டுட்டு வாரேன்."

வீட்டில் கேட்டுவிட்டு வந்தவர்களை இந்தக் கடை இதுவரை பார்த்ததில்லை. மாமனார் பெட்டியை அட்டைக்குள் வைத்து டேப்பைச் சுற்றினார்.

அப்போது கல்யாண மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி ஓடி வந்தான். கோட்டெல்லாம் நனைந்திருந்தது.

"ஜெர்லின் அக்கா, சர்ச் வாசல்ல உங்களக் காணோம்னதும் செத்தேன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா கடை வாசல்லயே செட்டப் போட்டு ஆட விட்டுட்டீங்க! ஹால்லயும் இதே செட்டுதான?"

ஜெர்லினின் கண் மேஜைக்கு அடியில் போனது. என் கண்ணும் போனது. கனத்த பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பழைய கன்ட்ரோலர், குமிழ்களைச் சுற்றி உப்புப் பூத்துப் பச்சை பிடித்துக் கிடந்தது.

அடிப்பாவி! என் கரண்ட், என் ஸ்பீக்கர், என் இடுப்பு. ஊர்வலத்துக்குச் சம்பளம் அவளுக்கு. ஆத்திரமாக வந்தது. அதே சமயம் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது.

காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

நான் ஏன் காட்டிக்கொடுக்கிறேன்? மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டேன்.

"இதே செட்டுதான் தம்பி. ஒங்க கல்யாணத்துக்குன்னே தங்கச்சி இப்பத்தான் புதுசா வாங்குச்சு. பில்லு போடுறது ஒண்ணுதான் பாக்கி."

ஜெர்லின் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடிக்கொண்டாள்.

எனக்குப் பின்னால் மறுபடியும் டேப் சத்தம் கேட்டது. மாமனார் அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்.