பின்வரிசை மரம்

பெரிய மரம் முன்னால், சின்ன மரங்கள் பின்னால். அப்படி நட்டால்தான் ஒரு முழத் தட்டு பெருங்காடாகத் தெரியும். மண் மாற்றிய அந்த மதியம், பிலோமினா ஆறு போன்சாய் ஆலமரங்களை நட்டு முடித்து, ஏழாவதைப் பின்வரிசையில் வைக்க மரங்களுக்கிடையே கையை நுழைத்தாள். முழங்கைவரை போனது. தோள்வரையும் போனது. உள்ளே சில்லென்று இருந்தது.

எதிர்ப்பக்கம் நின்று வெட்டிய வேர்களைக் கூட்டிக்கொண்டிருந்த கணவன் அருளப்பனிடம், "ஏங்க, என் கை அந்தப் பக்கம் வந்துடுச்சா?" என்றாள்.

"எங்க வந்துச்சு? ஒண்ணும் காணோமே."

அப்போது அவள் விரல்களிலிருந்து மரத்தை யாரோ பதமாக வாங்கிக்கொண்டார்கள். கையை உருவிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகு தொலைவில் ஏழாவது மரம் நேராக நின்றது. அதன் அடிமண்ணை மிதித்து இறுக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே இன்னொரு குழி தயாராக இருந்தது. மரத்துக்கு வெட்டிய குழிபோல வட்டமாக இல்லை, ஆள் நீளத்துக்கு இருந்தது.

"நகரு, நான் பாக்குறேன்" என்று அருளப்பன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு கையை நுழைத்தான். பிலோமினா அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றினாள்.

"அட, யாரோ கை குடுக்குறாங்க பிலோ" என்று அவன் சிரித்தான்.