மார்ச் பதினாலு

படையல் சோறு ஆறிப்போயிருந்தது. குயென் வாசலில் காலணிகளை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். சான் ஹோசே நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கி, அம்மாவின் நினைவுநாளுக்கே இரண்டு மணி நேரம் தாமதம்.

"எனக்காகவாப்பா இன்னும் ஊதுபத்தி ஏத்தாம இருக்கீங்க?"

"ஒரே பொண்ணு வராம எப்படி ஏத்துறது?" என்றார் அப்பா தோவான். "ஆபீஸ்ல உன் பேரையே 'குவின்'னு மாத்திக் கூப்பிடுறவங்க விட்டாத்தானே நீ வருவே!"

குத்தல் சரியான இடத்தில் பட்டது. தெத் புத்தாண்டுக்கு அவள் வரவில்லை. அவளுடைய மகனுக்குத் தாத்தாவோடு வியட்நாம் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரியாது.

ஆனால் இந்த ஒரு நாளை மட்டும் அவள் தவறவிட்டதே இல்லை. அம்மா இறந்த அன்றே போனில் குறித்து வைத்தாள். நாலு வருடமாக, மார்ச் பதினாலு விடிந்தால் அது மணியடிக்கும். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். நல்ல மகள் என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அம்மாவின் படத்துக்கு முன்னால் கெளுத்தி மீன், புளிப்பு சூப், உரித்த பம்பளிமாஸ் எல்லாம் இருந்தன. குவளையில் சாமந்தி மட்டும் தலை தொங்கிக் கிடந்தது.

"அம்மாவோட நாளுக்கு வாடின பூவா? உங்களுக்கே நியாயமா இருக்காப்பா?"

அவர் சுவரில் தொங்கிய நாள்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பெரிய எழுத்தில் பதினாலு; அதன் கீழே, பொடி எழுத்தில், நிலாக் கணக்குத் தேதி.

குயென் மூன்று ஊதுபத்திகளை ஏற்றி நெற்றிக்கு நேராகப் பிடித்தாள்.

"மன்னிச்சிரும்மா. இன்னிக்கும் உன்னைப் பசியோட காக்க வெச்சுட்டேனே..."

தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

தோவான் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். மகளின் அழுகை நிற்பதாக இல்லை.

"அழாத கண்ணு. அவ பசியோடல்லாம் இல்ல. நம்ம நிலாக் கணக்குக்கு அவ நாள் வருஷா வருஷம் மாறும். இந்தத் தடவை பதிமூணு நாள் முன்னாடியே வந்துருச்சு. நல்லா சாப்பிட்டுட்டுப் போயிட்டா."

குயென் மெல்ல நிமிர்ந்தாள். சாமந்தியைப் பார்த்தாள்.

"அப்ப... இன்னிக்கு யாருக்குப்பா இவ்வளவு சமையல்?"

"வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் வீட்டுக்கு வர்ற உனக்குத்தான்."