மனசும் வயிறும்

"பேங்க் வேலையை விட்டுட்டு நாற்காலி செய்ய வரேங்கிறீங்களே, என்ன தம்பி விளையாட்டா?"

மேலாளர் கேட்டதை, இளைஞனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி விரல்களால் சொன்னார். அவனுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. சைகையைப் பெயர்த்துச் சொல்ல ஓர் ஆளை அழைத்து வருவதாக விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தான்.

அவன் கைகள் வேகமாக அசைந்து பதில் சொல்லின. பெண்மணி குரல் கொடுத்தார்.

"மாசம் பொறந்தா சம்பளம், சரிதான். ஆனா நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி மனசு செத்துப்போச்சு சார். லீவு நாள்ல மரவேலை செஞ்சேன். மனசு நிறைஞ்சுது, வயிறு நிறையல. ரெண்டும் ஒரே இடத்துல நிறையும்னு தோணினது உங்க விளம்பரத்தைப் பார்த்தப்பதான்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. தொழில் தெரியுமா?"

இளைஞன் எழுந்தான். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சட்டென்று கவிழ்த்து, பின்னங்கால் சேருமிடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இங்க பசை விட்டுப்போச்சு. ஆறு மாசத்துல கால் கழண்டுரும்."

இருபது வருஷமாக விற்கும் தன் கம்பெனி நாற்காலியில் குறையா! மேலாளர் குனிந்து அசைத்துப் பார்த்தார். 'கிறீச்' என்றது.

"சத்தம் கேக்காம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உட்கார்ந்ததுமே முதுகுக்குத் தெரிஞ்சுது."

மேலாளருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. "வீட்டுல சம்மதமா?"

அவன் கைகள் தயங்கித் தயங்கி அசைந்தன. பெண்மணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கம்மா சரியான பிடிவாதக்காரி. பேங்கை விடக் கூடாதுன்னு மூணு நாள் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. எங்க வீட்டுல பேச்சை நிறுத்தறதுன்னா அதுதான். நாலாம் நாள், நான் செஞ்ச ஸ்டூல் மேல ஏறி நின்னு பார்த்தாங்க. ஆடவே இல்ல. 'போய் வேலையில சேருடா'ன்னுட்டாங்க."

மேலாளர் எழுந்து வந்து இளைஞனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒண்ணாம் தேதி சேர்ந்துடுங்க. நிரந்தர வேலை. பேங்க்ல வாங்கினதுக்குக் குறையாது."

பிறகு பெண்மணியிடம் திரும்பினார். "பிரமாதமாச் சொன்னீங்க மேடம், ஒரு வார்த்தை தடுமாறல! உங்க ஃபீஸ் எவ்வளவு? கம்பெனியே குடுத்துடும்."

"வேண்டாங்க." வந்ததிலிருந்து முதல் முறையாகப் பெண்மணி தன் சொந்த வார்த்தையைப் பேசினார். "அந்தப் பிடிவாதக்காரி நான்தான்."